இடிக்கும் முன் பிரித்தெடுங்கள்: சிங்கப்பூரில் பழைய தரைவீடு வைத்திருப்பவர்களுக்கு

அப்பர் தாம்சன் சாலைப் பக்கம் அப்பா விட்டுச்சென்ற வீடு, அடுக்குமாடி அல்லாத தரைவீடு; சுவரோடு சுவர் ஒட்டிய தெரஸ் வரிசையில் நடுவீடு. கூரை ஒழுகியது, தரை ஒரு பக்கம் இறங்கியது, அம்மாவால் படி ஏற முடியவில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று அண்ணனும் நானும் முடிவெடுத்தோம். தாள் வேலைக்கு ஐந்து மாதம் போனது. இடிப்பதற்கு 16 நாள்தான் ஆனது. அந்த 16 நாளில், வைத்துக்கொள்ள நினைத்த பொருள்களில் பாதியை இழந்தோம். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி தவறாக இருந்ததுதான் காரணம். அதை 5ஆம் படியில் சொல்கிறேன்.

இணையத்தில் கிடைப்பதெல்லாம் புது வீடு கட்டுவதைப் பற்றி. பழையதை எப்படிக் கலைப்பது, எதைக் காப்பாற்றுவது, எந்த நாளில் எந்தத் தாள் வேண்டும் என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இடிப்பது சுவரும் ஓடும்தான் என்றாலும் அனுமதி வேண்டும். வீவகவின் பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகைக்காரரைத்தான் (ஒப்பந்தக்காரரைத்தான்) அமர்த்த வேண்டும். சுவர் உடைப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற சத்தமான வேலை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே. சனிக்கிழமை கூடாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற பெரிய பண்டிகைகளுக்கு முதல்நாளும் கூடாது. வீவகவிடம் புதிதாக வாங்கிய பிடிஓ வீட்டில் முதல் 3 ஆண்டுக்குக் குளியலறை ஓட்டைப் பெயர்க்க முடியாது. வீட்டுக் காப்பறையின் (அவசரகாலத்தில் பதுங்கும் அறையின்) சுவரை எப்போதுமே தொடக் கூடாது. கீழே 4ஆம் படியில் உள்ளதும் 10ஆம் படியில் கழிவைப் பற்றிச் சொல்வதும் உங்களுக்கும் பொருந்தும். மற்றவை தரைவீட்டுக்காரர்களுக்கு.

## 1. இடிக்கலாமா என்று உறுதிசெய்யுங்கள்

பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? எங்கள் வீடு அப்பா பெயரிலேயே இருந்தது. உயில் நடைமுறை முடிந்து பெயர் மாறும்வரை யாரும் எங்கள் கையெழுத்தை ஏற்கவில்லை. இரண்டு மாதம் இதிலேயே போனது. உடன்பிறந்தவர்கள் பங்காளிகள் என்றால் எல்லாருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். அவர்கள் அடமானமாக வைத்திருப்பதில் அந்தக் கட்டடமும் அடங்கும்.

அடுத்து, வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடமா என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையப்பக்கத்தில் முகவரியைத் தட்டிப் பாருங்கள். சிங்கப்பூரில் அப்படி 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாக இருந்தால் இடிக்கும் பேச்சே இல்லை, வழி வேறு.

முழுவதும் இடிப்பது அவசியமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே யோசியுங்கள். கூடுதல் தளப்பரப்பு இப்போதுள்ளதில் பாதிக்குள் அடங்கி, வெளிச்சுவர்களில் பாதிக்குமேல் மாற்றாமல் இருந்தால் அது பெரும்பாலும் ‘சேர்ப்பு, மாற்ற வேலை’ என்ற அனுமதி வகைக்குள் வந்துவிடும். செலவும் குறைவு, நாளும் குறைவு. எங்கள் வீட்டு அடித்தளம் இறங்கியிருந்ததால் அந்த வழி அடைபட்டது.

சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள்: பத்திர நகல், பழைய கட்டட வரைபடம், பதிவுபெற்ற நில அளவையாளரின் அளவை, வடிகால், கழிவுநீர்க் குழாய் போகும் பாதை, மின்கம்பி போகும் பாதை. பழைய வரைபடத்தின் நகலைக் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் கட்டணம் கட்டி வாங்கலாம். இதைத் தவறவிடாதீர்கள். பக்கத்து வீட்டோடு எந்தச் சுவர் பொது, எந்த அடித்தளம் பொது என்று அதில்தான் தெரியும்.

## 2. யார் யார் வேண்டும்

தெரிந்த ஒருவர் "நாலு பேரும் ஒரு எக்ஸ்கவேட்டரும் அனுப்புகிறேன், மூன்றே நாள்" என்றார். அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்தான். வீட்டை இடிப்பதற்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதி வேண்டும். வரைபடமும் விண்ணப்பமும் போட ஒரு தகுதிபெற்ற வல்லுநர், அதாவது பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ நிபுணத்துவப் பொறியாளரோ தேவை. இடிக்கும் முறையை எழுதிக் கையெழுத்துப் போடுவது கட்டமைப்புப் பொறியாளர். இடிப்பவர் உரிமம் பெற்ற கட்டுநராக இருக்க வேண்டும். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையப்பக்கத்தில் நீங்களே பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

இடிப்பை மட்டும் தனியாகக் கொடுப்பதா, புது வீடு கட்டுபவரிடமே சேர்த்துக் கொடுப்பதா? நான் சேர்த்துக் கொடுக்கச் சொல்வேன். இடித்தவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர் என்றால் பக்கத்து வீட்டில் விரிசல் விழும்போது இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். ஆனால் மீட்கும் பொருள்களுக்கு மட்டும் தனி இணைப்புத் தாள் போடுங்கள்.

பொறியாளரிடம் முதல் சந்திப்பிலேயே ஒன்று கேளுங்கள்: எஸ்எஸ் 557 என்ற இடிப்பு வேலைக்கான சிங்கப்பூர்த் தரநிலையில் சொல்லியிருக்கிறபடி, இடிப்புக்கு முன் பொருள் கணக்கெடுப்பு செய்வீர்களா? கட்டடத்தில் என்னென்ன இருக்கிறது, எதை மறுபடி பயன்படுத்தலாம், எது மறுசுழற்சிக்குப் போகும் என்று முன்பே எழுதி, பிரித்தெடுக்கும் வரிசையில் இடிப்பதுதான் அந்த முறை. இதைக் கேட்டாலே, வீட்டுக்காரருக்குப் பொருள் மீது அக்கறை இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

## 3. ஆஸ்பெஸ்டாஸ் சோதனை: எதையும் தொடுவதற்கு முன்

1991க்கு முன் கட்டிய கட்டடம் என்றால் இடிப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் (தூசியாகி நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) ஆய்வு செய்தாக வேண்டும். இது சட்டம். அலையலையான சிமெண்டுத் தகடு, கூரைக்கு அடியில் பலகை, பழைய வினைல் தரை ஓடு, அதற்கு அடியில் உள்ள கறுப்புப் பசை, பழைய குழாய் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. கண்ணால் பார்த்து "இது இல்லை" என்று சொல்லிவிட முடியாது. மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியும் ஒன்றரை வாரமும் ஆயின.

எங்கள் வீட்டில் பின்கட்டுக் கூரைத் தகட்டில் இருந்தது. இருந்தால் மனிதவள அமைச்சு அங்கீகரித்த அகற்றும் நிறுவனம்தான் எடுக்க முடியும். வேலை தொடங்குவதற்கு 7 நாள் முன்னதாகவே அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். நனைத்து, உடைக்காமல் எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, நச்சுக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆய்வு முடிவதற்குள் "சும்மா ஒரு கதவைக் கழற்றுவோம், நாலு ஓட்டைப் பெயர்ப்போம்" என்று நாமே இறங்கிவிடுகிறோம். அண்ணன் மகன் சனிக்கிழமை சுத்தியலோடு வந்து அந்தப் பின்கட்டுத் தகட்டில் ஏறப் பார்த்தான். நல்லவேளை, அம்மா தடுத்துவிட்டார். ஆய்வறிக்கை கைக்கு வரும்வரை வீட்டில் யாரும் எதையும் உடைக்கக் கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவும் வரக் கூடாது.

## 4. எதை எடுப்பது, எதை விடுவது

நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். ஒரு நாள் முழுக்க ஒதுக்கி, ஒவ்வோர் அறையாகப் போய், படம் எடுத்து, அளந்து, எண் போட்டு எழுதுங்கள்.

மரம். ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முந்தைய வீடுகளில் கைமரமும் உத்தரமும் பெரும்பாலும் செங்கால், பாலாவ் போன்ற மலாயாக் கடுமரங்கள். இன்றைக்குக் கடையில் அந்த முதிர்ச்சியில், அந்த நீளத்தில் வாங்க வேண்டுமென்றால் மலைக்க வைக்கும் விலை. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே கரையான். சுவருக்குள் பதிந்த முனைகள்தான் முதலில் உளுக்கும். முனையில் ஓர் அடி போனாலும் நடுப்பகுதி பழுதில்லாமல் இருக்கும், அதற்காக முழுவதையும் கழித்துவிடாதீர்கள்.

எடுத்த மரத்தில் ஆணி இருக்கும். சுங்கை காடுட் பக்கம் உள்ள மர அறுவைப் பட்டறைகளில் ஆணி உள்ள மரத்தை வாங்க மாட்டார்கள். ரம்பப் பல் போய்விடும் என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம். நாங்கள் ஒரு சிறிய உலோகக் கண்டறிவுக் கருவி வாங்கி, இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து ஆணி பிடுங்கினோம். அடுக்கும்போது தரையில் படாமல், வரிசைக்கு வரிசை குச்சி வைத்து, காற்றுப் போகும்படி, நிழலில் அடுக்குங்கள். தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றினால் இங்குள்ள ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். மேலே மட்டும் மூடுங்கள்.

நிலையும் கதவும். வாசல் நிலையை எடுக்க ஆசைப்பட்டால் சுவரை உடைத்து நிலையை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். நிலையைச் சுவரிலிருந்து நெம்பினால் மூலை பிளந்துவிடும். முன்பே அகலம், உயரம், திறக்கும் பக்கம் மூன்றையும் புது வீட்டு வரைபடம் போடுபவரிடம் கொடுத்தால்தான் அது புது வீட்டில் உட்காரும். எங்கள் பூஜையறைக் கதவு இன்று புது வீட்டிலும் பூஜையறைக் கதவாகவே இருக்கிறது, ஏனென்றால் அதை முதல் வாரமே அளந்து கொடுத்திருந்தோம்.

தரை ஓடு. பூப்போட்ட பழைய சிமெண்டு ஓடுகள் சிலர் வீட்டு வாசல்முன் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் இன்னும் இருக்கும். தட்டும்போது டொப்பென்று சத்தம் வரும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே அடிச்சாந்து விட்டுப்போயிருக்கும். முதல் ஓட்டை உடைத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பள்ளத்தில் தட்டை உளியைப் படுக்கை வாட்டில் நுழைத்து அடுத்ததை எடுக்கலாம். எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் கணிசமாக உடையும், அதைக் கணக்கில் வைத்துப் புது வீட்டில் எவ்வளவு இடத்துக்கு வரும் என்று திட்டமிடுங்கள்.

தரையில் பதித்த தேக்குப் பார்க்கே கட்டைகள். எடுக்கலாம், ஆனால் அடியில் தார் ஒட்டியிருக்கும். ஆய்வறிக்கையில் அந்தப் பசைக்குப் பிரச்சினை இல்லை என்று வந்தால் மட்டும் தொடுங்கள்.

செங்கல். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறோம். போருக்கு முந்தைய கட்டடத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டியிருந்தால் கல் கல்லாகக் கழன்று வரும். பிற்பாடு வந்த வீடுகளில் சிமெண்டுச் சாந்து. அது கல்லைவிட இறுக்கமாகப் பிடித்திருக்கும், பிரித்தால் கல்தான் உடையும். எங்களுடையது சிமெண்டு. ஒரு நாள் முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து நாற்பது கல்தான் தேறியது. அலெக்சாண்ட்ரா, ஜூரோங் செங்கற்சூளைகளின் பெயர் பொறித்த கல் கிடைத்தால் நினைவுக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

இரும்புக் கிராதி, காற்றுக் கல் (காற்றுப் போகத் துளை விட்ட சுவர்க்கல்), பட்டைக் கண்ணாடி சன்னல். கிராதிக்கும் காற்றுக் கல்லுக்கும் வாங்க ஆள் இருக்கிறது, உணவகம், கஃபே நடத்துபவர்கள் தேடுகிறார்கள். கழிப்பறைப் பீங்கான், பிளைவுட் அலமாரி, சமையல் மேடை இவற்றுக்கு இலவசமாகக்கூட ஆள் கிடைக்காது. நேரத்தை வீணாக்காதீர்கள்.

உலோகம். செம்புக் கம்பி, அலுமினியச் சட்டம், எவர்சில்வர்த் தண்ணீர்த் தொட்டி எல்லாம் எடைக்குப் போகும். மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று உரிமம் பெற்ற மின்னியலாளர் எழுதித் தரும்வரை ஒரு கம்பியையும் யாரும் இழுக்கக் கூடாது.

விற்பதற்கோ கொடுப்பதற்கோ இரண்டு மாதம் முன்பே விளம்பரம் போடுங்கள். ஏன் அவ்வளவு முன்பே? வீடு குத்தகைக்காரர் கைக்குப் போன அன்றே அது வேலையிடம் ஆகிவிடுகிறது. அப்புறம் தலைக்கவசம், காலணி, காப்பீடு இல்லாமல் வெளியாள் உள்ளே வர முடியாது. எங்களிடம் கிராதிக்கு முன்பணம் கொடுத்த ஒருவர் இரண்டு நாள் தாமதமாக வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கிராதி எடைக்குப் போனது.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடி மாதம் வீட்டில் கை வைக்கக் கூடாது என்றார்கள். உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அனுமதித் தேதி நம் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. நாங்கள் ஆய்வறிக்கை வந்தபின் ஒரு நல்ல நாளில் விளக்கேற்றிக் கும்பிட்டு, துளசி மாடத்தை எடுத்து அண்ணன் வீட்டில் வைத்தோம், பூஜையறைக் கதவைக் கழற்றினோம். கதவைக் கழற்றுவது கட்டமைப்பு வேலை அல்ல, அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கூரையையும் சுவரையும் மட்டும் அனுமதிக்கு முன் தொடாதீர்கள்.

## 5. விலைப்புள்ளியும் ஒப்பந்தமும்

எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று விலைகள்: 31,000, 38,500, 52,000 வெள்ளி. ஒரே வீடு, ஒரே அளவு. வித்தியாசம் எங்கே என்று பிரித்துக் கேட்டபோதுதான் புரிந்தது. குறைந்த விலையில் பொருள்சேவை வரி 9 விழுக்காடு சேரவில்லை, பக்கத்துச் சுவருக்குப் பூச்சு சேரவில்லை, அடித்தளம் தோண்டுவது சேரவில்லை. எல்லாம் சேர்த்தால் நடு விலையைத் தாண்டியது. நாங்கள் நடு விலையை எடுத்தோம்.

தவறு செய்தது அடுத்த கட்டத்தில். ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கத்தில், "இடிப்பில் கிடைக்கும் எல்லாப் பொருளும் குத்தகைக்காரருக்கே உரியது" என்று ஒரு வரி இருந்தது. இது வழக்கமான வரிதான். மீட்கும் பொருளின் மதிப்பைக் கழித்துத்தான் அவர்கள் விலை சொல்கிறார்கள். உத்தரங்களை எங்களுக்குத் தரவேண்டும் என்று வாயால் பேசியிருந்தோம், மேலாளரும் தலையாட்டினார். இடிப்பு நாளில் வேறொரு மேற்பார்வையாளர் நின்றார். மாலை வேலை முடிந்து நான் போனபோது பதினாறு உத்தரத்தில் ஒன்பது லாரியில் போய்விட்டிருந்தது. மீதி ஏழில் மூன்றை ஏற்றுவதற்காகப் பாதியாக அறுத்திருந்தார்கள். யாரும் திருடவில்லை. தாளில் இருந்தபடி செய்தார்கள்.

ஆகவே அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள்: "இணைப்புப் பட்டியலில் உள்ளவை தவிர" என்று சேர்த்தால் போதும். பட்டியலில் படம், எண், அளவு, எந்த நிலையில் வேண்டும், யார் இறக்குவது, எங்கே வைப்பது, உடைந்தால் என்ன என்று எழுதுங்கள். கையால் இறக்குவதற்குக் கூடுதல் பணம் கேட்பார்கள், கொடுங்கள். ஆளும் நேரமும் செலவாகும் வேலை அது. பட்டியலின் தமிழ் நகல் ஒன்றையும் படங்களோடு மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். இடிப்பு வேலையில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த தம்பிமார்கள் நிறையப் பேர். எது வேண்டும் என்று தெரிந்தால் அவர்கள் எடுக்கிற பக்குவமே தனி. ஏழு உத்தரமாவது தப்பியதற்குப் புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர், "இது தேவைப்படும் போலிருக்கு" என்று ஓரமாகத் தள்ளி வைத்ததுதான் காரணம்.

பொருள்களுக்கு எண்ணெய் வண்ணக் குச்சியால் பெரிதாகக் குறி போடுங்கள். சிறிய ஸ்டிக்கர் தூசியில் உதிர்ந்துவிடும்.

முன்பணம் அதிகம் கொடுக்காதீர்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை, பக்கத்துச் சுவர்ப் பூச்சு முடிந்து, கழிவு ஒப்படைத்த ரசீதுகள் கைக்கு வந்தபின் தருவதாக எழுதுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு, ஊழியர் காயக் காப்பீடு இரண்டின் நகலையும் வாங்கித் தேதி பாருங்கள். எங்களுக்குக் காட்டியதில் ஒன்று அடுத்த வாரமே காலாவதியாக இருந்தது.

## 6. பக்கத்து வீட்டார்

தெரஸ் வீட்டில் உங்கள் சுவர் அவர்களுக்கும் சுவர். இடிப்பதற்கு முன் இரு பக்கத்து வீடுகளிலும் உள்ளே போய் ஏற்கெனவே உள்ள விரிசல், ஈரம், சாய்வு எல்லாவற்றையும் படமெடுத்து அறிக்கை தயாரிக்க வேண்டும். இதைப் பொறியாளரோ தனி ஆய்வாளரோ செய்யட்டும். வீட்டுக்காரரோடு சேர்ந்து நடந்து, அவர்கள் கையெழுத்தும் வாங்க வேண்டும். இந்த அறிக்கை இல்லாவிட்டால், பின்னால் எந்த விரிசல் பழையது, எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கடிதம் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நேரில் போங்கள். எங்கள் இடப்பக்க வீட்டு ஆன்ட்டி மூன்று முறை கதவைத் திறக்கவில்லை. அம்மா ஒரு டப்பா முறுக்கோடு போனார், அன்றே ஆய்வாளருக்கு நேரம் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் கைக்குழந்தையோ, படுத்த படுக்கையாக யாரோ, தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையோ இருந்தால் எந்த நாள்களில் சத்தம் அதிகம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

பொதுச்சுவரைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்க வேண்டியவை: உங்கள் உத்தரம் அந்தச் சுவரில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, எடுத்தபின் துளையை எதால் அடைப்பார்கள், கூரை இணைந்திருக்கும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் எப்படி மூடுவார்கள், அடித்தளம் பொதுவாக இருந்தால் அதை எங்கே வெட்டி நிறுத்துவார்கள். பழைய வீடுகள் சிலவற்றில் மண்ணில் அடித்து இறக்கிய பக்காவ் (சதுப்புநில) மரக் கழிகள்மீது அடித்தளம் நிற்கும். அவற்றைப் பிடுங்கினால் பக்கத்து வீடு அசையும்.

இடித்த அன்றே அந்தச் சுவர் முதன்முறையாக வெயிலும் மழையும் படும் வெளிச்சுவராக ஆகிறது. அது அதற்காகக் கட்டப்பட்டதல்ல. நீர்காப்புப் பூச்சு முடியும்வரை ஒவ்வொரு மாலையும் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நவம்பரிலிருந்து ஜனவரிவரை அடைமழைக் காலம், முடிந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள்.

## 7. மின்சாரம், தண்ணீர், எரிவாயு

மூன்றும் மூன்று ஆள். மின்சாரத்துக்கு உரிமம் பெற்ற மின்னியலாளர், மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடம் விண்ணப்பித்து இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்க வேண்டும். கணக்கை மூடினால் மட்டும் போதாது, கம்பியில் மின்சாரம் இருக்கும். எரிவாயுக் குழாய் இருந்தால் அதற்கும் உரிமம் பெற்றவர். இணையக் கம்பிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

தண்ணீரில்தான் பலர் சறுக்குகிறோம். முழுவதும் நிறுத்திவிட்டால் இடிக்கும்போது தூசிக்கு அடிக்கத் தண்ணீர் இருக்காது. உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரிடம் சொல்லி, முன்வாசலில் தற்காலிக இணைப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

## 8. அனுமதியும் அதோடு வருபவையும்

இடிப்புக்கான அனுமதிக்கு நீங்கள், தகுதிபெற்ற வல்லுநர், கட்டுநர் மூவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கையில் வராமல் கூரையிலிருந்து ஓர் ஓடுகூட இறங்கக் கூடாது. புது வீட்டின் திட்ட அனுமதி வரும்வரை இடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. முன்பே இடித்துவிட்டு, வரைபடத்தில் திருத்தம் வந்து, வாடகை வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எலி. பழைய வீடு விழுந்தால் அதிலுள்ள எலிகள் பக்கத்து வீட்டுக்குத்தான் ஓடும். உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை வைத்து இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

மரம். தாங்லின், புக்கிட் தீமா பக்கமும் சாங்கிப் பக்கமும் மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் உள்ளன. அங்கே சுற்றளவு 1 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்டத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். காலி நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் இதே விதி. அதனால் வீட்டு மாமரத்தை என்ன செய்வது என்பதை வீடு நிற்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

குப்பைத் தொட்டியைப் பொதுச்சாலையில் நினைத்தபடி நிறுத்தி வைக்க முடியாது. உங்கள் எல்லைக்குள் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

## 9. இடிக்கும் நாள்கள்

கட்டியதற்கு எதிர் வரிசையில்தான் பிரிக்க வேண்டும். முதலில் உள்ளே உள்ளவை: கதவு, சன்னல், கம்பி, குழாய். பிறகு கூரை ஓடு, ரீப்பர், கைமரம், உத்தரம், எல்லாம் கையால். அப்புறம் பொதுச்சுவரை ஒட்டிய பகுதிகளை ரம்பத்தால் அறுத்துப் பிரித்துவிடுவார்கள், இயந்திரத்தின் அதிர்வு அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க. அதற்குப் பிறகுதான் எக்ஸ்கவேட்டர். எங்கள் 16 நாளில் கைவேலை 9 நாள். இயந்திரம் வந்தபின் சுவர்கள் இரண்டு நாளில் தரைமட்டம். மீதி நாள்கள் காங்கிரீட் உடைப்பதும் அள்ளுவதும்.

நீங்கள் விடுப்பு எடுக்க வேண்டியது கூரை இறங்கும் நாள்களில். நான் கடைசி இரண்டு நாளுக்கு விடுப்பு எடுத்தேன், அதற்குள் மரம் போய்விட்டது.

ஞாயிறும் பொது விடுமுறையும் வேலை இல்லை. குடியிருப்புக் கட்டடங்களிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் வேலையிடங்களில் சனி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை கட்டுமான வேலை செய்யக் கூடாது. அதை வைத்து நாள் கணக்குப் போடுங்கள்.

## 10. கழிவு போகும் இடம்

சிங்கப்பூரில் கட்டுமான, இடிப்புக் கழிவில் ஏறத்தாழ 99 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போகிறது. லிம் சூ காங் பக்கம் சாரிம்புன் மறுசுழற்சிப் பூங்கா போன்ற இடங்களில் காங்கிரீட்டை நொறுக்கி, கம்பியைப் பிரித்து, ஜல்லியாக்குகிறார்கள். மறுபடி சாலை வேலைக்கும் ஓரக்கல்லுக்கும் அது பயன்படுகிறது. ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் ஜல்லியாவதும் உங்கள் உத்தரம் உத்தரமாகவே இன்னொரு கூரையில் ஏறுவதும் ஒன்றல்ல. அந்த விழுக்காட்டைக் காட்டி "எல்லாம் மறுசுழற்சிக்குத்தானே போகுது" என்று யாராவது சொன்னால், பட்டியலைக் கைவிடாதீர்கள்.

கழிவை ஏற்றும் லாரிக்குத் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் பொதுக் கழிவு சேகரிப்பு உரிமம் இருக்க வேண்டும். கண்ட இடத்தில் கொட்டினால் 50,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். லாரி எண், நாள், போன இடம், எடை எல்லாம் உள்ள ரசீதுகளைத் தினமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீவக வீட்டுக்காரர்களும் கவனியுங்கள்: நகர மன்றம் பழைய சோபாவை எடுத்துக்கொள்ளும், உடைத்த ஓட்டையும் சுவர்த் துண்டையும் எடுக்காது.

## 11. நிலம் காலியானபின்

அன்று மாலையே தேங்கும் தண்ணீரைப் பாருங்கள். அடித்தளம் தோண்டிய பள்ளம் ஒரு மழை பெய்தாலே ஏடிஸ் கொசு பெருகப் போதும். நிரவச் சொல்லுங்கள், வேலியைப் பூட்டச் சொல்லுங்கள்.

வீடு இடிக்கப்பட்டதை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். சொத்து வரி நிலத்துக்கு என்று மாறும். நீங்களே குடியிருக்கப் போகும் வீட்டைக் கட்டுகிறீர்கள் என்றால், குடியிருக்கும் உரிமையாளருக்கான வரி விகிதத்தை அதிகபட்சம் 2 ஆண்டுவரை கேட்டு விண்ணப்பிக்கலாம். இதைத் தாமாக யாரும் தரமாட்டார்கள், நீங்கள் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆய்வறிக்கை, ஆஸ்பெஸ்டாஸ் அகற்றிய சான்று, இணைப்புகளைத் துண்டித்த கடிதங்கள், கழிவு ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, ஒரு நகலைப் புது வீட்டுப் பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அடித்தள வேலை தொடங்கும் வாரத்தில், இடித்தபின் சுவர் எப்படி இருந்தது என்று பார்க்க அவர் முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான்.